பலகையில் மிச்சமிருந்த இடம்

சி என்ற கணினி மொழியில் பெனாசிருக்கு இணையாக நிரல் எழுத அந்த அலுவலகத்தில் ஆள் கிடையாது. அவளிடம் சீடராக வந்து சேர்ந்த கோமதிநாயகமோ அவளைவிட இருபது வயது மூத்தவர். கற்றுக்கொள்வதில் வெட்கம் பார்க்காத மனிதர். அவசரம்தான் கொஞ்சம் அதிகம்.

ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் மின்பலகையில் நோயாளிகளின் பெயர்களைக் காட்டுவது அவர் எழுதிய நிரல். பலகையில் ஒரு வரிக்கு இருபத்தெட்டு எழுத்துக்கு இடம். எழுத்துக்கு ஒரு பைட்டு சேமிப்பிடம் போதும் என்று எண்ணி, பெயரை இருபத்தெட்டு பைட்டில் வெட்டிவிட்டார். கணினியோ ஒரு தமிழ் எழுத்துக்கே மூன்று பைட்டு, ஆறு பைட்டு என்று எடுத்துக்கொள்ளும். வெட்டு எழுத்தின் நடுவே விழுந்து, நீளமான பெயர்களின் வாலில் ஒரு கேள்விக்குறி முளைத்தது.

மறுநாள் காலை மலர்ந்த முகத்தோடு வந்தார்.

"கேள்விக்குறி போயிடுச்சு, மேடம். உடைஞ்ச எழுத்து வந்தா எடுத்துடும்படி பண்ணிட்டேன். பலகை இப்ப சுத்தமா இருக்கு."

"அகலத்தை அளந்தீங்களா, அண்ணாச்சி?"

"பேரோட அகலத்தை எப்படி மேடம் அளக்கிறது?"

"சாயங்காலம் போய்ப் பலகையைப் பார்ப்போம்" என்றாள் பெனாசிர்.

மத்தியானம் பட்டாசு ஆலை ஒன்று வெடித்தது. அவர்கள் போனபோது ஆஸ்பத்திரி வாசலில் நிற்க இடமில்லை. பிழைத்து வந்தவர்களின் பெயர்கள் பலகையில் வந்துகொண்டிருந்தன. பெயர் வராதவர்களின் வீட்டாரைப் பிணவறைப் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து வந்த அழுகையைக் கேட்டு நிற்பது கொடுமை.

ஒரு அம்மா மட்டும் அழவில்லை. ரொட்டிப் பாக்கெட் ஒன்றை நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

"எம் மவன் பேரு வந்துருச்சு. அந்தா பாருங்க, வீரபாண்டி. இருவது வயசுதான், அதான் தாங்கிட்டான்" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னாள். கோமதிநாயகத்தையும் விடவில்லை. "எப்பய்யா உள்ள விடுவாக?"

வாலறுந்த பெயரோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. ஓரமாக உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். பலகைக்குப் போன பெயர்களில் வீரபாண்டி என்று யாருமே இல்லை. வீரபாண்டியன் என்று ஒருவர் இருந்தார். வயது ஐம்பத்தெட்டு.

நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். அந்தப் பெயருக்கு அப்புறம் வரியில் பாதிக்கு மேல் வெறும் இருட்டாகக் கிடந்தது.

"முழுப் பேரும் தாராளமா நின்னிருக்குமே, மேடம்."

"நின்னிருக்கும்."

"பைட்டைத்தான் எண்ணினேன். பலகையைப் பாக்கவே இல்லை."

"நேத்து மாதிரி அந்தக் கேள்விக்குறி இருந்திருந்தாக்கூட, அந்தம்மா யாரையாவது கேட்டிருப்பாங்க."

கோமதிநாயகம் விசைகளைத் தட்ட ஆரம்பித்தார். "ரெண்டே நிமிஷம், மேடம். அளவை மாத்திட்டா முழுப் பேரும் வந்துடும்."

பெனாசிர் மடிக்கணினியை அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"பலகையைப் பார்த்து அவங்க தெரிஞ்சுக்கக் கூடாது, அண்ணாச்சி. நீங்க போய்ச் சொல்லிட்டு வாங்க. அதுக்கப்புறம் நான் திருத்துறேன்."