இடப்பக்கத்து வலி

ஆசான் செண்பகராமனின் வர்ம வைத்தியசாலையில் இரண்டு கட்டில்கள் இருந்தன. வலப்பக்கத்துக் கட்டிலில் மூத்த சீடர் தாணுமாலயன் வைத்தியம் பார்ப்பார். இடப்பக்கத்துக் கட்டில், பின்னால் வந்து சேர்ந்த இசக்கியப்பனுக்கு.

மயங்கி விழுந்தவனைத் தொட்டு எழுப்பும் அடங்கல் முறையை ஆசான் ஒரே ஒரு சீடனுக்குத்தான் சொல்லித் தருவார். அது வழக்கம். அந்த ஒருவன் தான்தான் என்று தாணு இருந்தார். இசக்கி வந்த பிறகு ஆசானின் கால்கள் இடப்பக்கமே போயின. அங்கே நின்று "பலே" என்பார். தாணுவின் கட்டிலுக்கு வந்தால் வெறும் தலையசைப்பு.

தலைவலி அப்போது பிடித்ததுதான். இடப்பக்கம் மட்டும். சுக்கு உரைத்துப் பற்றுப் போட்டார். நொச்சி ஆவி பிடித்தார். கேட்கவில்லை. தங்கை கல்யாணத்துக்கென்று இசக்கி ஊருக்குப் போனான். இனி வலியும் போய்விடும் என்று தாணு நினைத்தார். போகவில்லை.

அன்று காலை பனையேறி ஞானமுத்து கட்டிலில் படுத்தபடியே சத்தம் போட்டார்.

"வைத்தியரே, வலி வலது முட்டுல. இடது முட்டு என்ன பாவம் பண்ணிச்சு, அதப் போட்டுப் பெசையுதீரு?"

தாணு சட்டென்று கையை எடுத்தார். ஆசான் எழுந்து வந்தார்.

"என்ன தாணு?"

"தலைவலி ஆசானே. கண்ணப் பிடுங்குது. இனி என்னால முடியாது. உத்தரவு தாங்க, போயிருதேன்."

"உக்காரு."

ஆசான் அவருக்குப் பின்னால் போய் நின்றார். தலையைத் தொடவில்லை. பிடரியில், இடப்பக்கம், பெருவிரலை வைத்து அழுத்தினார்.

"ஐயோ, கண்ணு!"

"நான் கண்ணத் தொடலியே."

"கண்ணுலதான் குத்துது ஆசானே."

"இங்கன பொறப்பட்டு, காதுக்குப் பின்னால ஏறி, கண்ணுக்கு மேல வந்து நிக்குது. நீ அது வந்து நிக்குற எடத்துல பத்துப் போட்டிருக்கே."

"கழுத்துக்கு என்ன வந்தது? நான் என்ன சொமையா தூக்குதேன்?"

ஞானமுத்து சும்மா இருக்கவில்லை. "எங்காலத் தடவுற நேரமெல்லாம் உம்ம மூஞ்சி அந்தக் காலிக் கட்டிலப் பாத்துத்தான் இருக்கு வைத்தியரே. அங்க யாரு, ரம்பையா படுத்திருக்கா?"

ஆசான் சிரிக்கவில்லை. தாணுவுக்குக் காது சுட்டது. அந்தக் காலிக் கட்டிலில் இசக்கியின் விரல்கள் தன் விரல்களைவிடச் சரியாக இறங்குவதையும் ஆசான் "பலே" என்பதையும் அவர் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஆசான் எண்ணெயைச் சூடுகாட்டி எடுத்து வந்தார். பிடரியை நெடுநேரம் நீவினார். பிறகு முகத்தை இரு கைகளாலும் பிடித்து, மெல்ல நேராகத் திருப்பி வைத்தார். தாணுவின் இடது கண் முழுதாகத் திறந்தது.

"வலி விட்டிருச்சு," என்றார் தாணு. பிறகு கேட்டார். "அடங்கல் முறை யாருக்கு ஆசானே?"

அப்போது வாசலில் இசக்கியின் குரல்.

"ஆசானே, வந்துட்டேன்! அண்ணாச்சிக்குத் தலைவலி எப்படி இருக்கு?"

ஆசானின் விரலுக்கடியில், பிடரியில் இளகிக் கிடந்த சதை வடம்போல முறுக்கிக்கொண்டது. அவர் கையை எடுக்கவில்லை.

"கழுத்தத் திருப்பாம அவன 'வா'ன்னு சொல்லு," என்றார். "பொறவு ஒனக்கே சொல்லித் தாறேன்."

தாணு வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.