பிரகாசிக்கு எழுதிய ஓலை

தொலைபேசி வீட்டுக்கு வீடு வராத காலம். கடற்கரை ஊர் ஒன்றில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்குக் கன்னியர்கள் ஓர் இல்லம் நடத்தினார்கள். அதற்குத் தலைவி மதர் இஞ்ஞாசியம்மாள்.

அவரிடம் வேதம் படிக்க வந்தவர் சவரிராயன். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர்; மதரைவிடப் பதினேழு வயது மூத்தவர். கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாராக வேண்டும் என்று ஆசை. ஆனால் முப்பத்து மூன்று வருடம் ஸ்டேஷனில் ஊறிய புத்தி அவ்வளவு சீக்கிரம் விட்டுப்போகுமா? பூசைக்கு வருகிறவர்களையே ஏற இறங்கப் பார்ப்பார். செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நீண்டால், இத்தனை பேர் என்ன செய்துவிட்டு வந்து நிற்கிறார்கள் என்று அவருக்கு நிலைகொள்ளாது.

ஒரு வியாழக்கிழமை கேட்டார்.

“மனசுல கள்ளம் கூடாதுங்கீங்க. ஏமாளியாவும் இருக்கக் கூடாதுங்கீங்க. ரெண்டையும் ஒருத்தன் எப்படி மதர் செய்யுதது?”

“எனக்கும் தினமும் அந்தப் பாடுதான், ஏட்டையா.”

அப்போது வாசலில் ஒருவர் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, கழுத்தில் மாதா படம் தொங்கும் உத்தரியக் கயிறு, கையில் ஏதோ தூரத்துப் பங்குச் சாமியார் முத்திரையிட்ட கடிதம். பெயர் தொம்மை என்றார். இல்லத்தில் இருந்த நான்கு வயதுப் பிரகாசிக்குத் தாய்மாமனாம். பிள்ளையைக் கூட்டிப்போக வந்தாராம். பிரகாசிக்கு இன்னும் பேச்சே திருந்தவில்லை. அவளைக் கேட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

சவரிராயன் மதரை உள்ளே அழைத்தார்.

“ஆளு சரியில்ல. நாம கேக்குமுன்னே கடிதத்த நீட்டுதான்.”

“முதல்ல சாப்பிடட்டும்.”

“ஒரு பொய்யப் போட்டுப் பாப்போம் மதர். பிள்ள முதுகுல மச்சம் உண்டுல்லான்னு கேக்கேன். ஆமான்னா அமுக்கிருவேன்.”

“அவ முதுகுல மச்சம் இல்லையே.”

“அதுக்குத்தான் மதர் கேக்கது!”

“பொய் வேண்டாம்” என்றார் மதர்.

சோறும் மீன் குழம்பும் மதரே பரிமாறினார். சவரிராயன் எதிரில் உட்கார்ந்து, வந்தவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கை கழுவி வந்ததும், மாதா பிரார்த்தனையை முழுசாகச் சொல்லுங்கள் பார்ப்போம் என்றார். தொம்மை கண்ணை மூடி, ஒரு சொல் பிசகாமல் கடைசி வரை சொன்னார். முடிக்கும்போது கண்ணீர்கூட வந்தது.

சவரிராயன் உருகிப்போனார். கள்ளனுக்கு மாதா பிரார்த்தனை தெரியுமா? அவர் பிடித்த கள்ளன்களில் ஒருத்தனும் சொன்னதில்லை. இவர் கேட்டதுமில்லை என்பது வேறு விஷயம். ஓடிப்போய்ப் பிரகாசியின் பாவாடை சட்டைகளைத் தன் கையாலேயே மூட்டை கட்டிக் கொண்டுவந்தார்.

“நம்மாளுதான் மதர். அனுப்பிருங்க.”

“நல்லது. ஓலை வாசிச்சுட்டு அனுப்புவோம்.”

ஓலை வாசிப்பது கல்யாணத்துக்கு. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிப்பார்கள்.

“பிள்ளைக்கு எதுக்கு மதர் ஓலை?” என்று தொம்மை கேட்டார்.

“வளந்த பொண்ணக் கட்டிக் குடுக்கவே மூணு ஓலை வாசிக்கோம். இது நாலு வயசு. இவ அம்மை ஊர்க் கோயில்ல வாசிக்கச் சொல்லி எழுதுதேன். உங்க பேரு, ஊரு, என்ன முறை எல்லாம் அதுல இருக்கும். அதுவரை இங்கயே தங்குங்க. பிள்ளையும் உங்ககிட்ட ஒட்டிக்கிடும்.”

“என்னைச் சந்தேகப்படுதீங்களா?”

“எனக்கு உங்களைத் தெரியாது, தம்பி. தெரிஞ்சவங்க சொல்லட்டும்.”

அவர் எதிரிலேயே எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டி, ஆள் மூலம் கொடுத்தனுப்பினார். சவரிராயனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மாதா பக்தனை இப்படி அவமானப்படுத்துவதா என்று அன்று முழுக்க மதரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சனிக்கிழமை காலை, பல் துலக்கக் கிணற்றடிக்குப் போன தொம்மை திரும்பவில்லை. அவருக்கு எடுத்து வைத்த இட்லி மத்தியானம் வரை மூடியபடியே இருந்தது.

“மனசு நொந்து போயிட்டாரு, பாத்தீங்களா!” என்றார் சவரிராயன்.

செவ்வாய்க்கிழமை, பிரகாசியின் ஊரிலிருந்து இரண்டு பெண்கள் பஸ் ஏறி வந்தார்கள். ஞாயிறன்று ஓலை வாசித்ததும் கோயிலே எழுந்து நின்றுவிட்டதாம்.

“இவ அம்மை வீட்டுக்கு ஒத்தப் பிள்ள, மதர். கூடப்பொறந்தவன்னு ஒருத்தனும் கிடையாது” என்றாள் ஒருத்தி.

மற்றவள் அழுதுகொண்டே சொன்னாள்: “போன வருசம் பக்கத்து ஊர்லயும் இப்படித்தான். உத்தரியமும் கடிதமுமா வந்து, சித்தப்பன்னு சொல்லி ஒரு பிள்ளையக் கூட்டிட்டுப் போனான். அந்தப் பிள்ள இன்னும் கிடைக்கல.”

ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கச் சொல்லி மதர் அவர்களை ஒரு சிஸ்டரோடு அனுப்பிவைத்தார். சவரிராயன் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“மூட்டையக் கட்டுனது நான்தான் மதர்.”

“ஆமா.”

“பாத்ததும் கள்ளன்னேன். சோறு செமிக்குமுன்னே புண்ணியவான்னேன். நீங்க ரெண்டும் சொல்லல. சொல்லுங்க மதர், மனசுக்குள்ள அவனைக் கள்ளன்னு நெனச்சுத்தானே ஓலை எழுதுனீங்க?”

மதர் வெளியே பார்த்தார். முற்றத்தில் பிரகாசி ஒற்றைக் காலில் நொண்டி அடித்துக்கொண்டிருந்தாள்.

“மாமனாவே இருக்கணும்னு மாதாகிட்ட கேட்டுக்கிட்டுத்தான் எழுதுனேன், ஏட்டையா. இப்பவும் சங்கடமா இருக்கு. இந்தப் பிள்ளைக்கு ஒரு மாமன் இருந்திருக்கலாம்.”