கூகைக்கு முகம் வெளுத்த நாள்

அந்தக் காலத்தில், பறப்பவையும் ஊர்பவையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிவந்தபோது, சிங்கநேரி அரண்மனை முற்றத்தில் ஒரு காலையில் கூட்டம் கூடியது. வந்திருந்தவர்கள்: அரண்மனைக்குரிய வடிவுடை நாச்சியார், அவருடைய சித்தப்பா மருதப்பர், கொத்தனார் சடையன், கிழட்டு வௌவால் ஒன்று, மரநாய், சாரைப்பாம்பு, கூகை. ஆக ஏழு பேர். உடும்பு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை, அதைச் சேர்க்கவில்லை.

அரண்மனை மூன்று தலைமுறையாகப் பாழடைந்து கிடந்தது. கூரை விழுந்த கூடத்தில் ஆலங்கன்று முளைத்திருந்தது. நாச்சியார் தம் நகைகளை விற்று அதை எடுத்துக் கட்டியிருந்தார். மறுநாள் குடிபுக வேண்டும்.

"இத்தனை காலம் வீட்டைக் காலியாக விடாமல் பார்த்துக்கொண்டீர்கள். இனி இடம் விட வேண்டும்" என்றார் நாச்சியார்.

"எங்களுக்கென்னம்மா, எங்கே தொங்கினாலும் ஊர் தலைகீழாகத்தான் தெரியும்" என்றது வௌவால். மரநாய் பனந்தோப்புக்கும், சாரை வாய்க்கால் கரைக்கும் போவதாக ஒப்புக்கொண்டன. கூகை மட்டும் அசையவில்லை. அப்போது அதன் முகமும் முதுகைப்போல மண் நிறம்தான்; பேச்சும் தெளிவாக இருக்கும்.

"வடக்குச் சுவர் மாடத்தில் ஐந்து குஞ்சு வைத்திருக்கிறேன், தாயே. இறகு முளைக்கும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். வெளியே போக ஒரு ஓட்டை போதும்."

"பொறுக்கிறேன். என் வார்த்தை" என்றார் நாச்சியார்.

அன்று மாலையே, குடிபுகுவதற்கு முந்தின நாள் பூஜைக்கு உறவுக்காரர்கள் வண்டி வண்டியாக வந்தார்கள். கூகை இரை தேடிக் கிளம்பியதை அவர்களும் பார்த்துவிட்டார்கள். ஒருவரும் வாசற்படி ஏறவில்லை.

"கூகை அடையிற வீட்டுல எவன் கை நனைப்பான்? அந்த ஓட்டையை அடைக்கச் சொல்லு. இல்லைன்னா இந்தப் பெரிய வீட்டுல நீ மட்டும் தனியா உக்காந்திரு" என்றார் மருதப்பர்.

சடையன் தயங்கினான். "நாச்சியாரே, உள்ள குஞ்சுக சத்தம் கேக்குது."

நாச்சியார் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். பிறகு தலையை மட்டும் அசைத்தார். சடையன் சாரம் ஏறிச் செங்கல் வைத்து, சுண்ணாம்புச் சாந்தைக் குழைத்து அப்பினான்.

விளக்கு வைத்ததும் பூஜை தொடங்கியது. மணிச் சத்தத்துக்கு நடுவே வடக்குச் சுவரில் யாரோ முட்டுவது நாச்சியாருக்குக் கேட்டது. முதலில் மெல்ல, பிறகு விடாமல். பாதியில் எழுந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். தீபாராதனை முடியும்வரை அவர் உட்கார்ந்தே இருந்தார்.

போய்ச் சேர்ந்தபோது கூகை ஈரச் சாந்துக்குள் முகத்தைப் புதைத்து முட்டிக்கொண்டிருந்தது. நாச்சியார் சாரம் ஏறி, சடையனின் கரண்டியை வாங்கித் தாமே செங்கலைப் பெயர்த்தார். கூகை திரும்பியது. சுண்ணாம்பு முகம் முழுவதும் அப்பி வெந்து போயிருந்தது. கண்கள் மட்டும் கறுப்பாக இருந்தன.

"என்னைத் திட்டு. ஒரு வார்த்தை சொல்லு" என்றார் நாச்சியார்.

கூகை வாயைத் திறந்தது. பேச்சு வரவில்லை. தொண்டைக்குள் போன சுண்ணாம்பு அதை அறுத்திருந்தது. ஒரு அலறல் மட்டும் வந்தது. பூஜையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

"இப்பவாவது அதை விரட்டு" என்றார் மருதப்பர் கீழே நின்று.

"வண்டி வாசல்லதான் நிக்குது, சித்தப்பா" என்றார் நாச்சியார். திரும்பிப் பார்க்காமல் மாடத்துக்குள் கையை விட்டார்.

அன்று முதல்தான் கூகையின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருக்கிறது. அது பேசாமல் அலறுகிறது. சிங்கநேரி அரண்மனைக்கு எத்தனை முறை வெள்ளையடித்தாலும் வடக்குச் சுவரில் ஒரு கையகல ஓட்டையை விட்டுவிட்டுத்தான் இறங்குகிறார்கள். அன்று மாடத்தில் உயிரோடு மிஞ்சிய குஞ்சுகள் இரண்டு.