குடிக்காத டீ

"முன்னாடி வரணுமா, பின்னாடி வரணுமா? அதை மட்டும் சொல்லுங்க மிஸ். மூணு வாரமா கேக்குறேன்."

கேட்டவள் அமலோற்பவம். நாற்பத்தேழு வயசு. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ்.

எதிரே உட்கார்ந்திருந்தவள் ஹசீனா. இருபத்தாறு வயசு. சைக்கிள் கடை மாடியில் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறாள்.

வயசைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். அந்த மாடியில் இவள் மிஸ், அவள் சிஸ்டர். அவ்வளவுதான்.

விஷயம் இது. ஆஸ்பத்திரிக்குப் புது மேனேஜர் வந்திருக்கிறார். நோயாளி சாப்பிட்டார், தூங்கினார், நடந்தார் என்று கேஸ் ஷீட்டில் மொட்டையாக எழுதக் கூடாதாம். எப்படிச் சாப்பிட்டார், எப்படி நடந்தார் என்று இங்கிலீஷில் முழு வாக்கியமாக எழுத வேண்டுமாம். அதற்கு ஒரு பட்டியலும் அடித்துக் கொடுத்துவிட்டார். நன்றாக என்றால் வெல், மெதுவாக என்றால் ஸ்லோலி, இப்படியே ஹாப்பிலி, பீஸ்ஃபுல்லி. எழுத வராத நர்ஸுக்கு இனிமேல் வார்டு கிடையாது. துணி மடிக்கும் அறைக்குப் போக வேண்டியதுதான்.

இருபத்திரண்டு வருஷம் ஊசி போட்ட கைக்கு இந்த மரியாதை. வயிறு எரியுமா, எரியாதா?

"சாப்பிட்டாருக்கு முன்னாடி இந்த வெல்லைப் போடணுமா, பின்னாடி போடணுமா?" என்று மறுபடி கேட்டாள் அமலோற்பவம்.

ஹசீனா ஃபிளாஸ்க்கைத் திறந்து ஒரு டம்ளர் டீ ஊற்றினாள். சிஸ்டர் முன்னால் வைத்தாள்.

பிறகு ஒரு தாளை நீட்டினாள்.

"வாசிங்க."

அமலோற்பவம் எழுத்துக் கூட்டி வாசித்தாள். "சிஸ்டர் ட்ராங்க் த டீ ஹாப்பிலி."

சிஸ்டர் சந்தோஷமாக டீ குடித்தாள்.

"யாரு குடிச்சா?" என்று நிமிர்ந்தாள் அமலோற்பவம்.

"நீங்கதான்."

"நான் எங்க மிஸ் குடிச்சேன்? டம்ளர் அப்படியே இருக்கு. இன்னிக்கு என்ன கிழமை? தவக்காலத்து வெள்ளி! சாயங்காலம் கோயில்ல சிலுவைப்பாதை ஜெபம் முடியிற வரைக்கும் பச்சைத் தண்ணி பல்லுல படாது எனக்கு."

"அப்படியா?"

"அப்படியாவாம்! இதுல சந்தோஷமா வேற குடிச்சேனாம். என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேக்க எங்க நேரம்? மூணு மணிக்கே எழுதி வச்சிட்டேன். நீங்க வந்ததே நாலு மணிக்கு."

"இது அநியாயம் மிஸ். குத்துக்கல்லாட்டம் எதிர்ல உக்காந்திருக்கேன். ஏறெடுத்துப் பாத்தா தெரியாதா?"

ஹசீனா மேஜை இழுப்பறையைத் திறந்தாள். கேஸ் ஷீட்டில் எழுதப்போவதை எழுதி, திருத்தச் சொல்லி அமலோற்பவம் முந்தின நாள் கொடுத்துவிட்டுப் போன நோட்டு உள்ளே இருந்தது. அதில் ஒரு பக்கத்தைப் பிரித்து டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கட்டில் பதினொன்று. சனிக்கிழமை. டுக் லஞ்ச் வெல்.

அதாவது மதியச் சாப்பாட்டை நன்றாகச் சாப்பிட்டார்.

"நாளைக்குத்தானே சிஸ்டர் சனிக்கிழமை?"

அமலோற்பவத்துக்குச் சுருக்கென்றது. ஆனால் வெட்கப்படவில்லை. கோபம்தான் வந்தது.

"உங்களுக்கு வார்டைப் பத்தி என்ன தெரியும்? முப்பது கட்டில், ரெண்டு நர்ஸ். பதினோரு மணிக்கெல்லாம் ஃபைல் மேனேஜர் மேஜைக்குப் போயிரணும். சாப்பாடு வர்றதே பன்னெண்டரைக்கு. முன்னாடியே எழுதாம என்ன செய்யுறது? எல்லாரும் அப்படித்தான் எழுதுறோம். வாக்கியம் சரியா இருக்கா, அதைச் சொல்லுங்க."

"வாக்கியம் சரியா இருக்கு."

"வெல் வந்த இடம்?"

"இடமும் சரிதான்."

"பெறகு என்னத்துக்கு இந்த நாடகம்?"

நோட்டைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தாள். படி இறங்கும்போது சத்தமாகவே சொன்னாள், "நாளைக்கு நானே நின்னு பாக்குறேன். பாத்துட்டு வந்து பேசிக்கிறேன் இந்தப் பொண்ணுகிட்ட."

பார்த்தாள்.

கட்டில் பதினொன்றில் ராக்கம்மா. அடிகுழாயடியில் வழுக்கி விழுந்தவள். இடுப்பில் ஆபரேஷன், வலது கையில் கட்டு. காலையிலும் சாயங்காலமும் மில்லுக்குப் போகிற மகள் வந்து ஊட்டிவிட்டுப் போவாள். மதியம் யாரும் இல்லை. நடக்கப் பழக்கினால் கால் துவண்டு விடுகிறது. டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று தினமும் எழுதியிருந்தது. சாப்பாட்டில் குறையில்லை, வயசுதான், இனி நடப்பது கஷ்டம், திங்கட்கிழமை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு வண்டி வந்தது. வண்டிக்காரர் தட்டைக் கால்மாட்டு மேஜையில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ராக்கம்மா தட்டைப் பார்த்தாள். இடது கையை நீட்டினாள். எட்டவில்லை. கையை மடக்கிக்கொண்டு கண்ணை மூடினாள்.

அமலோற்பவம் கையைக் கட்டிக்கொண்டு தூணோரம் நின்றாள்.

ஒரு மணிக்கு வண்டி திரும்பி வந்தது. வண்டிக்காரர் நிறைந்த தட்டை எடுத்து வாளியில் கவிழ்த்தார்.

"யோவ்! நில்லுய்யா!" வார்டே திரும்பிப் பார்த்தது. "கண்ணு தெரியலையா உனக்கு? ஒரு பருக்கை கூட வாயில போகல. நீ பாட்டுக்குக் கொட்டிட்டுப் போற! எத்தனை நாளா நடக்குது இது?"

"எனக்கு என்ன தெரியும் சிஸ்டர்? வைக்கிறதும் எடுக்கிறதும்தான் என் வேலை. சாப்பிட்டாங்களா இல்லையான்னு நீங்கதானே எழுதுறீங்க?"

மேனேஜர் மேஜைக்குப் போய்த் திரும்பி வந்து கட்டிலில் தொங்கிய கேஸ் ஷீட்டை அவள் பறித்துப் பார்த்தாள். ஆறு நாள், ஆறு வரி. டுக் லஞ்ச் வெல். எல்லாம் அவள் கையெழுத்து. ஆறாவது இன்றைக்குக் காலையில் எழுதியது.

குனிந்து ராக்கம்மாவின் காதருகே கேட்டாள், "ஏம்மா, எட்டலைன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

ராக்கம்மா கண்ணைத் திறந்தாள்.

"நீங்கதான் தெனமும் கால்மாட்டுல நின்னு எழுதிட்டுப் போறீகளே தாயி. எழுதுறவுகளுக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன்."

அமலோற்பவம் ஓடிப்போய் வண்டியை மறித்து இன்னொரு தட்டு வாங்கி வந்தாள். ரசம் விட்டுக் குழையப் பிசைந்தாள். ராக்கம்மாவைச் சாய்த்து உட்கார வைத்து ஊட்டினாள். ஊட்டி முடித்துக் கையைக் கழுவினாள். பேனாவை எடுத்தாள்.

மணி நாலு. சைக்கிள் கடை மாடி.

அமலோற்பவம் ஒரு தாளை மேஜையில் வைத்தாள்.

"மத்தியானம் கேஸ் ஷீட்டுல எழுதினதை அப்படியே இங்க எழுதியிருக்கேன். வாசிங்க மிஸ்."

ஹசீனா வாசித்தாள்.

பெட் லெவன். லஞ்ச் ஐ கிவ், ஷி ஈட். சிக்ஸ் டேஸ் ஐ ரைட் வெல். ஐ நாட் சீ.

அதாவது, நான் ஊட்டினேன், சாப்பிட்டாள்; ஆறு நாள் பார்க்காமலே நன்றாகச் சாப்பிட்டாள் என்று எழுதிவிட்டேன்.

"டாக்டர்கிட்ட காட்டிட்டேன். திங்கக்கிழமை அனுப்பலையாம். மதியமும் ஒழுங்கா ஊட்டி, பத்து நாள் கழிச்சு நடக்க வச்சுப் பாக்கலாம்னு சொல்லிட்டாரு."

"மேனேஜர்?"

"அவரும் பாத்தாரு. அஞ்சு இடத்துல சிவப்புல சுழிச்சாரு. இங்கிலீஷ் படு மோசமாம். ஆஸ்பத்திரி பேரு கெட்டுப் போகுமாம். மெமோ குடுத்தாச்சு. திங்கக்கிழமையில இருந்து நான் துணி மடிக்கிற ரூமுல."

மேஜையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஆறு நாள் பொய்யெழுதினேன் மிஸ்! ஒருத்தன் ஏன்னு கேக்கல. வெரி குட் சிஸ்டர்னாரு அதே மேனேஜர். ஒரே ஒரு நாள் நடந்ததை எழுதினேன், வார்டை விட்டுப் போங்கிறாங்க. இது எந்த ஊரு நியாயம்?"

ஹசீனா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சரி, போகட்டும். போறதுக்கு முன்னாடி பக்கத்து ஷிஃப்ட் பிள்ளைங்களைக் கூப்பிட்டு வச்சு, பதினொண்ணாம் கட்டிலுக்கு நீங்கதான் ஊட்டணும்னு சத்தியம் வாங்கிட்டேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க இதுல தப்பை எல்லாம் திருத்துங்க. எனக்குத் தெரிஞ்சாகணும்."

ஹசீனா சிவப்புப் பேனாவை எடுத்தாள். தாளை இன்னொரு முறை வாசித்தாள். பேனாவை மூடி இழுப்பறைக்குள் போட்டாள்.

ஃபிளாஸ்க்கைத் திறந்து ஒரு டம்ளர் டீ ஊற்றினாள். சிஸ்டர் முன்னால் வைத்தாள்.

அமலோற்பவம் டம்ளரைப் பார்த்தாள். மிஸ்ஸைப் பார்த்தாள். எடுத்து ஊதி ஊதிக் குடித்தாள்.

அவள் குடித்து முடிக்கும்வரை ஹசீனா காத்திருந்தாள். பிறகு வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, நீலப் பேனாவால் எழுதினாள். சிஸ்டர் ட்ராங்க் த டீ.

அங்கே நிறுத்தி நிமிர்ந்தாள்.

"எப்படி இருந்துச்சு சிஸ்டர்?"

"சக்கரையே இல்ல. கசப்பு. ஆனா சூடா இருந்துச்சு."

ஹசீனா அதை எழுதினாள்.