மங்கை கேட்ட மல்லிகைப்பூ

தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

கோவில்பட்டியில் பூரணம் என்று ஒருத்தி. கணவனை இழந்து, தம்பி செண்பகராஜ் வீட்டோடு இருந்தாள். தம்பியின் மனைவி மங்கை, பெண் குழந்தை பெற்ற கையோடு கடும் மனச்சோர்வில் விழுந்தாள். பிள்ளை வீறிட்டாலும் திரும்பிப் பார்க்கவில்லை. மருந்துகள் கடுமையானவை, பால் கொடுக்கக் கூடாது என்றார் டாக்டர். பால் வற்ற, பூரணம்தான் அவள் மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டினாள். மங்கை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து வருடம் எந்த மருந்துக்கும் அந்த நோய் மசியவில்லை. குழந்தை யாழினி புட்டிப்பாலில் வளர்ந்து, பூரணத்தை ‘அம்மா’ என்றாள். கடைசியில் மங்கைக்கு மூளையில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அவள் எழுந்தாள், குளித்தாள், பசிக்கிறது என்றாள். வீடே கண்கலங்கியது.

ஒருநாள் காலையில் அவள் ரவிக்கை நனைந்திருந்தது. டாக்டர் அக்காவையும் தம்பியையும் தனியே அழைத்தார். “ஆபரேஷனால ஹார்மோன் கூடியிருக்கு, அதான் பால் சுரக்குது. வேற ஒண்ணுமில்ல. மாத்திரை இருக்கு, ஆனா சிலருக்கு அது மனசைத் திரும்பக் கெடுத்துடும். கொஞ்ச நாள் பார்ப்போம்.”

வீட்டில் மங்கை பூரணத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். “மதினி, எம்பிள்ளைக்காகத்தான வருது?”

இல்லை என்று சொன்னால் பிள்ளை தன்னோடு இருக்கும். அது தெரிந்தும் பூரணம், “ஆமா தாயி. அவளுக்குத்தான்” என்றாள்.

செண்பகராஜுக்குப் பொறுக்கவில்லை. “ஆசை காட்டாதக்கா. பிள்ள கிட்ட வரலன்னா இவ மறுபடி படுத்துருவா” என்றவன், டாக்டர் சொன்னதை மனைவியிடம் போட்டு உடைத்துவிட்டான்.

மங்கை நனைந்த ரவிக்கையைக் குனிந்து பார்த்தாள். பிறகு, “மல்லிகைப்பூ வாங்கிட்டு வாங்க மதினி. அன்னைக்கு நீங்க கட்டுனது எனக்குத் தெரியவே இல்ல. இன்னைக்குத் தெரிஞ்சு கட்டிக்கிடுதேன்” என்றாள்.

பூரணம் கட்டக் கட்ட, மங்கை வாய்விட்டு அழுதாள். சத்தம் கேட்டுப் பயந்துபோன யாழினி, “அம்மா!” என்று ஓடி வந்து பூரணத்தின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

பொய் சொன்ன பூரணம், உண்மையைச் சொன்ன செண்பகராஜ், பூவைக் கேட்டு வாங்கிய மங்கை. இதில் யார் செய்தது சரி?

விடை: மங்கைதான். மற்ற இருவருக்கும் பாசத்தில் குறைவில்லை; ஆனால் அவளை இன்னும் நோயாளியாகவே நினைத்தார்கள். அன்று சுவரைப் பார்த்தவள் இன்று அழுதாளே, நோய் போனதால்தான் துக்கம் வந்தது. அதைப் பொய்யாலும் தடுக்கப் பார்க்கக் கூடாது, மறுபடி படுத்துவிடுவாளோ என்று பயந்து சொன்ன மெய்யாலும் தடுக்கப் பார்க்கக் கூடாது. இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டேன், இருந்தும் எனக்கு மனசு ஆறவில்லை. பிள்ளை ‘அம்மா’ என்று கூப்பிட்டதே, அதற்கு அன்று மங்கை, பூரணம் இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை.