கம்பியில் கட்டிய பிள்ளையார்

பம்ப் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கற்றுத்தருகிறவள் பூங்கொடி. வயது முப்பத்தொன்று. அவளிடம் படிக்க வந்த அங்கப்பனுக்கு ஐம்பத்து நான்கு. இருபது வருஷம் லாரி ஓட்டியவர். குரு அவரை அண்ணா என்பாள்; சீடர் அவளை அம்மிணி என்பார்.

எதைச் சொன்னாலும் ஒரே தடவையில் பிடித்துக்கொள்வார். பெல்ட் விஷயத்தில் மட்டும் பிடிவாதம். போடாவிட்டால் வண்டி கத்தும். அதனால் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டிவிட்டு, அதன்மேல் சாய்ந்துகொண்டு ஓட்டுவார். கேட்டால் சிரிப்பார்.

போன மாதம் வேலுச்சாமியின் வண்டி சரிவில் கவிழ்ந்தது. அவன் குதித்தான். குதித்த பக்கமே வண்டியும் சாய்ந்தது. கூரைக் கம்பி காலில் விழுந்து, முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பெல்ட் போட்டுச் சீட்டிலேயே இருந்திருந்தால் சிராய்ப்போடு போயிருக்கும். அவனும் பூங்கொடியிடம் படித்தவன்தான். இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று பயிற்சியின் கடைசி நாள். மறுநாள் முதல் அங்கப்பன் தனியாக ஓட்ட வேண்டும்.

"நெசமாத்தான் கேக்கறேன் அம்மிணி. வண்டி கவுந்தா குதிச்சாத்தானே தப்பிக்க முடியும்? கட்டிப்போட்டா எப்படிங்க குதிக்கறது? வேலுச்சாமி கொஞ்சம் சுணங்கிட்டான், அவ்வளவுதான்."

பூங்கொடி வண்டியில் ஏறினாள். ஸ்டியரிங்குக்கு முன்னால் அங்கப்பன் ஒரு சின்னப் பித்தளைப் பிள்ளையாரை வைத்திருந்தார். ஒட்டிய பசை சூட்டில் விட்டுப்போனதால், செம்புக் கம்பியால் இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கியிருந்தார். பூங்கொடி கன்னத்தில் போட்டுக்கொண்டு, அந்த முறுக்கை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

அங்கப்பன் பதறிப்போனார்.

"என்னங்க அம்மிணி பண்றீங்க? கட்டலைன்னா திரும்பறப்போ கீழ விழுந்துருவாருங்க."

"அவருக்கும் அவசரம்னா குதிக்கோணுமில்லீங்களா?"

அங்கப்பன் பிள்ளையாரைப் பார்த்தார். பிறகு கம்பியைத் தானே மறுபடி முறுக்கினார். சீட்டில் உட்கார்ந்து, முதுகுக்குப் பின்னாலிருந்த பெல்ட்டை உருவி இழுத்தார். தொப்பைக்குப் போதவில்லை. பூங்கொடி தளர்த்தி மாட்டிவிட்டாள். சிரிக்கவில்லை, சிரிப்பு வந்தது என்பது வேறு விஷயம்.

"வண்டி சாயறப்போ, பயத்துல என்னையறியாம எறங்கத் தோணுச்சுன்னா என்னங்க பண்றது?"

"அவரைப் பாருங்கண்ணா. அவரு எறங்கினா நீங்களும் எறங்குங்க."