முட்டியைச் சந்தேகப்பட்ட பாட்டுக்காரி

ஆத்துக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ, எனக்குச் சரியாத் தெரியாது, ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊர்ல பொன்னுருவின்னு ஒரு அரண்மனைப் பாட்டுக்காரி இருந்தாளாம். அவ குரல் அப்படியே தேனு. ஆனா மனசு பூராவும் சந்தேகம். கடையில உப்பு வாங்கினாலும் நக்கிப் பாத்துத்தான் வாங்குவா. யாராச்சும் சிரிச்சா, எதுக்குச் சிரிக்கிறான்னு மூணு நாள் யோசிப்பா.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். திருவிழா அன்னிக்கு அம்மனைச் சுமக்குற யானையை யாரும் அங்குசத்தால குத்தக் கூடாது. அது படுத்திருக்கும், பாட்டுக்காரி பாடணும், பாட்டைக் கேட்டு யானை தானா எந்திரிக்கணும். எந்திரிச்சாத்தான் அம்மன் வெளிய வருவா. பத்து வருஷமா பொன்னுருவி பாடினா, யானையும் எந்திரிச்சுச்சு.

பதினோராவது வருஷம் என்னாச்சு? திருவிழாவுக்கு எட்டு நாள் முன்னாடி ஒத்திகை வெச்சாங்க. பொன்னுருவி மேல் ஸ்தாயிக்குப் போனா, குரல் கதவு இடுக்குல மாட்டின மாதிரி கீச்சுன்னு நின்னுபோச்சு. யானை காதை மட்டும் ஆட்டிட்டுப் படுத்துக்கிச்சு. ராஜாவுக்குக் கோவம்னா கோவம். "பொன்னுருவி, திருவிழா அன்னிக்கு யானை எந்திரிக்கலைன்னா நீ இந்த ஊர்லயே இருக்கக் கூடாது"ன்னுட்டார். அவளுக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்க, கண்ணு தெரியாத மாமியார். அந்தக் கிழவியைக் கையில பிடிச்சுக்கிட்டு எந்த ஊருக்குப் போவா, பாவம்?

வீட்டுக்கு வந்தா, யாரோ நமக்கு எதையோ வெச்சுட்டாங்கன்னு முடிவே கட்டிட்டா.

முதல்ல பால்காரி மேல சந்தேகம். "பால்ல மருந்து போட்டுட்டா"ன்னு அவ பாலைப் பூனைக்கு ஊத்துனா. பூனை குடிச்சிட்டு, இன்னும் வேணும்னு ஊரே கேக்குற மாதிரி கத்துச்சு. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரி மேல சந்தேகம். "கண்ணு வெச்சுட்டா"ன்னு நடுவுல இருந்த ஜன்னலை மண்ணு வெச்சு அடைச்சா. வீடு இருட்டாச்சு, குரல் வரல. அப்புறம் மாமியார் மேலயே சந்தேகம்! "அத்தை, இந்தக் கஷாயத்தை முதல்ல நீங்க குடிங்க"ன்னா. கிழவி மடக்மடக்னு முழுசும் குடிச்சிட்டு, தொண்டை தெளிஞ்சு தாலாட்டுப் பாட ஆரம்பிச்சிட்டா. ஏய், சிரிக்காதீங்கடா, அவ நிலைமை அவளுக்கு.

இதையெல்லாம் சாயங்காலம் சாயங்காலம் ஒருத்தன்கிட்ட போய்ச் சொல்லுவா. யாரு? சிங்காரம். அரண்மனையில ரெண்டாவது பாட்டுக்காரன். இவ போனா அவன்தான் பாடணும். அவன் என்ன சொல்லுவான்?

"எனக்கும் அந்தச் சந்தேகம்தான் தங்கச்சி. அந்தப் பால்காரி முழியே சரியில்ல. ஆனா நீ ராஜா முன்னாடி பாடுறவ, கம்பீரமா நிக்கணும். நெஞ்சை நிமுத்து, தாடையைத் தூக்கு, முட்டியை விறைப்பா வெச்சுக்கோ. ஆகா! மகாராணியே தோத்துப் போவாங்க!"

ஒத்திகைக்கு முன்னாடியிருந்தே, ஒரு மாசமா இப்படித்தான் நிக்கச் சொல்றான். இவளும் ஒரு மாசமா அப்படியேதான் நிக்கிறா. உப்பையே நக்கிப் பாத்து வாங்குறவ, அவன் புகழ்ச்சியை மட்டும் அப்படியே விழுங்கிட்டா பாருங்க!

திருவிழாவுக்கு மூணு நாள் இருக்கு. வேடிக்கை காட்ட ஒரு கழைக்கூத்தாடிப் பொண்ணு ஊருக்கு வந்தா, பேரு சடைச்சி. பொன்னுருவி வீட்டு எதிர் மைதானத்துல ரெண்டு பக்கமும் மூங்கில் நட்டு, கயிறு கட்டிக்கிட்டு இருந்தா. வாசல்ல நின்னு பொன்னுருவி பாடுறதைப் பாத்துட்டு கிட்ட வந்தா.

"தாயி, நீங்க நிக்கிற மாதிரி நான் கயித்து மேல நின்னா, ரெண்டாவது அடியில கீழ கிடப்பேன்."

பொன்னுருவிக்குச் சுருக்குன்னுச்சு. "உன்னை யாருடி அனுப்புனது?"

"பசிதான் அனுப்புச்சு தாயி."

"நீ தண்ணி குடுத்தா குடிக்க மாட்டேன். விபூதி குடுத்தா பூச மாட்டேன்."

"நான் எதையும் குடுக்க வரல. மூணு கேள்வி கேக்குறேன், பதில் சொல்லுங்க. உங்க உடம்புக் கனம் பாதத்துல எந்த இடத்துல இறங்குது?"

பொன்னுருவி குனிஞ்சு பாத்தா. கனமெல்லாம் குதிகால்ல. விரலு பத்தும் தரையில படாம நிக்குது. மெல்ல முன்னால வந்தா, பாதம் முழுசும் தரையில பதிஞ்சுது.

"முட்டி பூட்டியிருக்கா, திறந்திருக்கா?"

தொட்டுப் பாத்தா, கல்லு மாதிரி இருக்கு. கொஞ்சம் தளத்துனா. அதுவரைக்கும் நெஞ்சுலயே நின்ன மூச்சு அடிவயிறு வரைக்கும் இறங்குச்சு.

"தலை எங்க உக்காந்திருக்கு?"

"இது என்ன கேள்வி? கழுத்து மேலதான்."

"கழுத்து மேலன்னா எங்க? ரெண்டு காதுலயும் விரலை வையுங்க. மெதுவா ஆமான்னு தலையை ஆட்டுங்க. அந்த ரெண்டு விரலுக்கும் நடுவுல ஆடுது பாருங்க, அந்த மூட்டு மேலதான் தலை உக்காந்திருக்கு. நீங்க தாடையைத் தூக்கித் தூக்கி அதைப் பின்னால சாச்சு வெச்சிருக்கீங்க. கழுத்து நரம்பெல்லாம் அதை இழுத்துப் பிடிக்கவே சரியாப் போச்சு. குரல் எந்த வழியா வரும்?"

இப்பப் பிள்ளைங்களா, நீங்க எல்லாரும் காதுல விரலை வெச்சுப் பாக்குறீங்கன்னு எனக்குத் தெரியும். வெச்சுப் பாருங்க, பாருங்க.

பொன்னுருவி அப்படியே ஒரு அடி பாடினா. குரல் தடையில்லாம மேல போச்சு! உடனே என்ன கேட்டா தெரியுமா? "ஏண்டி, மந்திரம் கிந்திரம் போட்டியா?"

சடைச்சி சிரிச்சா. "சந்தேகத்தை விட முடியலைன்னா விட வேணாம் தாயி. எனக்கும் கயித்து மேல ஒவ்வொரு அடிக்கும் சந்தேகம்தான். ஆனா ஆளுங்க மேல இல்ல, என் மூட்டுங்க மேல. கணுக்கால் இறுகிடுச்சா, முட்டி பூட்டிக்கிச்சா, இடுப்பு ஒரு பக்கம் சாஞ்சிருச்சான்னு கேட்டுக்கிட்டே நடப்பேன். நீங்களும் உங்க முட்டியைச் சந்தேகப்படுங்க. ஆமா, உங்களை இப்படி நிக்கச் சொன்னது யாரு?"

அது சிங்காரம்தானேன்னு அப்பத்தான் பொன்னுருவிக்குப் பொறி தட்டுச்சு. வீட்டுக்குள்ள ஓடினா. மாமியார் மடியில முகத்தை வெச்சு, "அத்தை, உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேனே"ன்னு தேம்பித் தேம்பி அழுதா.

மறுநாள் சிங்காரம் வந்து, "குரல் எப்படி இருக்கு தங்கச்சி?"ன்னான். "நீங்க சொன்னபடிதான் நிக்கிறேன் அண்ணே"ன்னு சொல்லி அனுப்பிட்டா.

திருவிழாவும் வந்துச்சு. ஊரே கூடியிருக்கு, யானை படுத்திருக்கு. பொன்னுருவி ராஜாவைக் கும்பிட்டு, "மகாராஜா, எனக்குக் கம்பீரமா நிக்கச் சொல்லிக்குடுத்தது சிங்காரம் அண்ணன்தான். அவரு முதல்ல அதே மாதிரி நின்னு பாடட்டும், நான் பாத்துக் கத்துக்கிறேன்"னா.

சிங்காரத்துக்கு வேர்த்துக் கொட்டுச்சு. "இல்ல மகாராஜா, எனக்கு இன்னிக்குத் தொண்டை கொஞ்சம்..."

ராஜாவுக்கே சந்தேகம் வந்துடுச்சு. "சொல்லிக்குடுத்தவனுக்கு நிக்கத் தெரியாதா? நில்லுய்யா!"

என்ன பண்ணுவான்? நெஞ்சை நிமுத்தினான், தாடையைத் தூக்கினான், முட்டியை விறைச்சான். முதல் அடி பாடினான், யானை காதை ஆட்டுச்சு. ரெண்டாவது அடி பாடினான், யானை முதுகைத் திருப்பிக்கிச்சு. மூணாவது அடிக்கு மூச்சு முட்டி, கண்ணு இருட்டி, விறைச்ச முட்டி விறைச்சபடியே தடால்னு பின்னால விழுந்தான். எங்க விழுந்தான்? சுடச்சுட கிடந்த யானை லத்தி மேல!

அப்புறம் பொன்னுருவி வந்து நின்னா. கணுக்காலைச் சந்தேகப்பட்டா, இளகுச்சு. முட்டியைச் சந்தேகப்பட்டா, திறந்துச்சு. கழுத்தைச் சந்தேகப்பட்டா, தலை மெல்ல ஆமான்னு அசைஞ்சு தன் இடத்துல உக்காந்துச்சு. பாடினா. மேல் ஸ்தாயிக்குப் போனா, அங்கேயே நின்னா. யானை முன்னங்காலை ஊனுச்சு, பின்னங்காலை ஊனுச்சு, எந்திரிச்சு நின்னுச்சு. அம்மன் வெளிய வந்தா. கண்ணு தெரியாத மாமியார், "யானை எந்திரிச்சிருச்சா?"ன்னு கேட்டா. பேத்திங்க ரெண்டும், "எந்திரிச்சிருச்சு அப்பத்தா!"ன்னு கத்துச்சுங்க.

ராஜா சிங்காரத்தைக் கூப்பிட்டார். "உனக்கு அப்படி நிக்கிறது ரொம்பப் பிடிச்சிருக்கு. இன்னியிலேருந்து நீ அரண்மனை வாயில் காவக்காரன். நெஞ்சை நிமுத்தி, தாடையைத் தூக்கி, அப்படியே நில்லு. வாயை மட்டும் திறக்காதே"ன்னுட்டார்.

அதனால, ரொம்பப் புகழுறவன்கிட்ட கொஞ்சம் உஷாரா இருங்க. அவன் வாசல்ல விறைச்சுக்கிட்டு நின்னான், அவ சபையில இளகிப்போய் நின்னா, என் கதையும் இதோட நின்னுபோச்சு.